நகராத மேசைகள்

பவித்ரன் தன் மென்பொருளுக்குச் 'சட்டை' என்று பெயர் வைத்தபோது அவன் மனைவி கலாதேவி தலையில் அடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் படித்த மனுஷன் வைக்கிற பெயரா இது, கேட்கிறவன் துணிக்கடை என்றுதானே நினைப்பான் என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் மலேசியாவில், ஈப்போ பழைய பட்டணத்தில், லியாகத் அலியின் சாப்பாட்டுக் கடையில், ஒரு சாயங்காலம் உட்கார்ந்து தே என்கிற தேநீர் குடித்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கடையில் மேசைகள் ஓரிடத்தில் நிற்காது. வெயில் தாழ்ந்ததும் உள்ளே இருக்கிற மேசைகள் ஒவ்வொன்றாக ஐந்தடி நடைபாதைக்கு வரும். அங்கே இடம் போதாமல் சாலையோரத்துக்கு இறங்கும். இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று நண்பர்கள் வந்துவிடுவார்கள். பக்கத்து மேசையை யாரையும் கேட்காமல் இழுத்து ஒட்டிப் போட்டுக்கொள்வார்கள். மழை தூறினால் எல்லா மேசையும் உள்ளே ஓடும். பந்தாட்டம் இருந்தால் எல்லா மேசையும் டிவி பக்கம் திரும்பும். இதில் மேசைக்கு நம்பர் எழுதிவைத்து என்ன செய்வது? அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் மேசையைப் பார்ப்பதே இல்லை, ஆளைத்தான் பார்ப்பார்கள். "நீலச் சட்டைக்கு ரெண்டு ரொட்டி! கண்ணாடிக்காரருக்கு ஒரு தே தாரேக்! கைப்பிள்ளைக்கார அக்காவுக்கு மைலோ!" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் லியாகத் அலியின் மனைவி பதுருன்னிசா அத்தனையையும் மனசுக்குள் போட்டுக்கொள்வார். நீலச் சட்டை எழுந்து வரும்போது கணக்கைச் சரியாகச் சொல்லுவார்.

கோலாலம்பூரிலிருந்து வந்த எத்தனையோ பில் போடும் மென்பொருள்கள் அந்தக் கடையில் மண்ணைக் கவ்வின. எல்லாமே எடுத்த எடுப்பில் மேசை நம்பரைத்தான் கேட்கும். பவித்ரன் அப்போது ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பராமரிப்பில் இருந்தான். வேலை முடிந்து தே குடிக்க வருகிறவன், மாதக்கணக்கில் ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். பிறகு எழுத ஆரம்பித்தான். அவன் எழுதியதில் மேசையே கிடையாது. ஆர்டர் எடுப்பவர் கைப்பேசியில் சட்டையின் நிறத்தைத் தொடுவார். தாடி, கண்ணாடி, குடை, கைக்குழந்தை என்று சின்னப் படங்கள் இருக்கும், அதில் ஒன்றைத் தொடுவார். அந்த ஆள் எந்த மேசைக்கு நகர்ந்தாலும் பில் அவர் பின்னாலேயே போகும்.

"என் மண்டையத் தொறந்து பாத்துட்டான்லா இந்தப் பையன்," என்று பதுருன்னிசா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஈப்போ வட்டாரத்து உணவகக்காரர்கள் மத்தியில் லியாகத் அலி பெரிய மனுஷர். அவர் கடையில் ஒன்று ஓடினால் மற்றவர்கள் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். அவருக்குப் பின்னால் சுற்றுவட்டார ஊர்களான பத்து காஜாவில், கம்பாரில், கோலா கங்சாரில் என்று ஒவ்வொரு கடையாகச் சட்டைக்கு வந்தது. பவித்ரன் தொழிற்சாலை வேலையை விட்டான். கலாதேவி விடவில்லை. அதே ஜெலாப்பாங்கில் அவள் சர்க்யூட் தட்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். இரண்டு பேரும் கிணற்றில் குதிக்க வேண்டாம், ஒருத்தர் கரையில் இருக்கட்டும் என்பது அவள் கட்சி.

சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிற வெறி பவித்ரனுக்கு எங்கிருந்து வந்தது என்றால், கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. அவன் பிறந்த அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு கடை. அரிசியில் புழு நெளிந்தாலும் அதைத்தான் வாங்க வேண்டும், மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தாலும் அதைத்தான் எரிக்க வேண்டும். அடுத்த கடைக்குப் போய்விடுவேன் என்று அவன் அம்மா ராக்காயி ஒரு நாள் கோபத்தில் சொன்னதற்குக் கடைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். எந்த அடுத்த கடைக்கு என்று கேட்டான். சின்ன வயதில் காதில் விழுந்த அந்தச் சிரிப்பை பவித்ரன் மறக்கவே இல்லை. பிறகு தோட்டத்தை விற்றார்கள், மரங்களை வெட்டினார்கள், குடும்பம் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தோட்டத்தைப் பற்றி ஏங்குவதற்கு அவனுக்கு எதுவும் இல்லை. ஒழிந்தது சனி என்றுதான் நினைத்தான்.

அப்போதுதான் ஊதா வந்தது.

அந்தக் கம்பெனிக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது, யாரும் சொல்வதில்லை. மோட்டார் சைக்கிளில் ஊதா நிறப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள், அதனால் ஊதா. ஆரம்பத்தில் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. வெளியிலிருந்து வரும் ஆர்டர்கள் பவித்ரனின் சட்டைக்குள் நேராக வந்து விழும்படி இணைப்புக் கொடுத்தது. இங்கே தொட்டால் அடுப்படியில் தாள் அச்சாகி வரும். கடைக்காரர்களுக்குச் சந்தோஷம், பவித்ரனுக்கும் சந்தோஷம். ஊதாவைப் பற்றி யாராவது குறை சொன்னால்கூட அவன் ஊதாவுக்காகப் பரிந்து பேசினான்.

ஊரில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே சாப்பாடு வரவழைக்கப் பழகிய பிறகு ஊதா மெல்லக் கல்லாவுக்குள் கை நீட்டியது. தானே ஒரு பில் போடும் மென்பொருளைக் கொண்டுவந்தது. இலவசம். டேப்லெட் இலவசம், பிரிண்டர் இலவசம், பணம் கட்டும் வசதியும் அதற்குள்ளேயே. ஒரு மனுஷன் மூன்று வருஷம் முதுகு ஒடிய எழுதியதை இன்னொருத்தன் சும்மா கொடுக்கிறான் என்றால் அந்த மனுஷன் என்ன விலை சொல்ல முடியும்? அப்படியும் சில கடைக்காரர்கள் சட்டையை விடவில்லை. மேசை நம்பர் கேட்கிற சனியன் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள்.

ஒரு திங்கள்கிழமை காலையில் இணைப்பு நின்றது. முன்னறிவிப்பு இல்லை. பாதுகாப்பைப் பலப்படுத்துகிறோம், இனி எங்கள் அங்கீகாரம் பெற்ற தொழில் பங்காளிகளுக்கு மட்டுமே இணைப்பு என்றது ஊதா. பவித்ரன் அங்கீகாரத்துக்கு எழுதிப்போட்டான். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினான், அதே பதில் எழுத்து மாறாமல் வந்தது. தொலைபேசியில் கூப்பிட்டான், ஒரு மிஷின் இனிமையாகப் பேசியது. தோட்டத்துக் கடைக்காரனாவது முகத்துக்கு நேராகச் சிரித்தான்.

இணைப்பு இல்லாமல் வெளி ஆர்டர்களைக் கையால் தட்ட வேண்டியிருந்தது. லியாகத் அலி கடையில் அந்த வேலை ஸைஃபுல் தலையில் விழுந்தது. ராமநாதபுரத்திலிருந்து வந்து அங்கே பல வருஷமாக ஆர்டர் எடுப்பவன் அவன். ஆர்டருக்காக ஊதா கொடுத்திருந்த டேப்லெட்டில் பார்ப்பான், சட்டையில் தட்டுவான், அதற்குள் இரண்டு ஆர்டர் வந்து நிற்கும். பெட்டிக்காரர்கள் வாசலில் நின்று ஹார்ன் அடிப்பார்கள். தாமதமான கடைகளை ஊதா தன் செயலியில் காட்டும் வரிசையில் கீழே தள்ளியது. கீழே போன கடையைத் தேடிப் பிடித்து யார் ஆர்டர் செய்வார்கள்? ஒவ்வொரு கடைக்காரராக பவித்ரனைக் கூப்பிட்டு, மன்னித்துக்கொள் தம்பி என்றார்கள். மன்னிப்புக் கேட்கிறவர்களைத் திட்டவும் முடியவில்லை.

லியாகத் அலி மட்டும் நின்றார். அவர் நிற்கிறாரே என்று இன்னும் சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் போனால் அவர்களும் போய்விடுவார்கள், சட்டையின் கதை அன்றோடு முடிந்துவிடும். இது பவித்ரனுக்கும் தெரியும், லியாகத் அலிக்கும் தெரியும்.

"ஒரு வாரம் மட்டும் ஊதாவப் போட்டுப் பாக்குறேன்னு சொல்லிட்டேன் தம்பி," என்றார் அவர் ஒரு நாள், பவித்ரன் முகத்தைப் பார்க்காமல். "தினம் ஆள் அனுப்புறானுங்க. சும்மா டெஸ்ட்டுதான்லா. நீ மனசுல வச்சுக்காத."

"போடுங்கண்ணே. பாத்துட்டுச் சொல்லுங்க," என்றான் பவித்ரன்.

ஊதாக்காரர்கள் வந்து மேசைக்கு மேசை கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வாடிக்கையாளர் அதை ஸ்கேன் செய்து அவரே ஆர்டர் போட வேண்டும், சாப்பாடு அந்த மேசைக்கு வரும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பந்தாட்டம். பேராக் மாநிலக் குழு விளையாடியது.

அன்றைக்கு நடந்த கூத்தைப் பார்க்க பவித்ரன் வேண்டுமென்றே போய் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மேசைகள் கிளம்பிவிட்டன. உள்ளே ஸ்கேன் செய்த மேசை நடைபாதைக்கு வந்தது, நடைபாதையில் இருந்தது டிவிக்கு அடியில் போனது, நான்கு மேசைகள் ஒன்றாகி ஒரு நீளமான மேசை ஆனது. ஸைஃபுல் தட்டுகளை ஏந்திக்கொண்டு நம்பரைத் தேடினான். ஸ்டிக்கர் மேல் யாரோ கறிக்குழம்பைக் கொட்டியிருந்தார்கள். சர்க்கரை வியாதிக்கார வாத்தியார் முன்னால் பெரிய மைலோ வந்து உட்கார்ந்தது, அவர் யாரும் கேட்பதற்குள் பாதியைக் குடித்துவிட்டார். ஒரு சீனத் தம்பதி கேட்காத ஆட்டுக்கறியைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்கள். "யார்லா மேசை பதினாலு? பதினாலு மானா, எங்க?" என்று ஸைஃபுல் கத்தினான். பதினாலு அவன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

பவித்ரன் சிரிப்பை அடக்கமாட்டாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பல மாதம் கழித்து அன்றுதான் அவன் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டான்.

இரண்டு நாள் கழித்து லியாகத் அலி கூப்பிட்டார். ஊதா கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான், நம் பையன்தான், ஏன் சரிப்படவில்லை என்று கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீ வந்து சொல்லு என்றார். பவித்ரன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான்.

வந்தவன் பெயர் ஷர்வின். கோலாலம்பூர் அலுவலகத்துக்காரன், சின்ன வயது, பேச்சில் மரியாதை இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் பவித்ரன் உஷாராகியிருப்பான். ஷர்வின் எழுந்து நின்று கை கொடுத்தான்.

"உங்களப் பத்தி நெறைய கேள்விப்பட்டேன்ணே. எங்க சிஸ்டம் கேஎல்ல ஓடுது, பினாங்குல ஓடுது. ஈப்போல மட்டும் ஏன் இப்படி அடி வாங்குதுன்னு புரியல."

"மொதல்ல எனக்கு ஒரு பதில் சொல்லுங்க தம்பி. என் இணைப்ப ஏன் வெட்டுனீங்க?"

ஷர்வின் தலையைக் குனிந்தான். "அது மேல எடுத்த முடிவுண்ணே. ஆனா நான் பேசலாம். இங்க உங்க சிஸ்டம்தான் சரியா வேல செய்யுதுன்னு நான் ரிப்போர்ட் எழுதுனா, உங்கள பங்காளியா சேக்கச் சொல்லிக் கேக்கலாம். உண்மையாத்தான் சொல்றேன்."

உண்மையாகத்தான் சொன்னான். அதுதான் கொடுமை. பவித்ரனுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. இரண்டு தே வரவழைத்தான், பேச ஆரம்பித்தான்.

தன் வேலையைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் கிடைக்காமல் பல மாதமாகக் காய்ந்துபோயிருந்தவன் அவன். கலாதேவிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, கடைக்காரர்களுக்கு ஓடுகிறதா இல்லையா என்பதைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. இவனுக்கோ எல்லாம் புரிந்தது, கேள்வியும் சரியாகக் கேட்டான். பவித்ரன் எழுந்து நின்று மேசையை இழுத்துக் காட்டினான். வெயில் எந்தப் பக்கம் சாய்ந்தால் எந்த மேசை முதலில் கிளம்பும் என்று காட்டினான். மழைக்கு எப்படி, பந்தாட்டத்துக்கு எப்படி, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கூட்டமாக வந்தால் எப்படி என்று சொன்னான். சட்டையின் உள்விவரங்களைக்கூடத் திறந்து காட்டினான்.

"சுருக்கமா சொல்லணும்னா ஒண்ணுதான் தம்பி," என்றான் கடைசியில். "உங்க சிஸ்டம் மேசைய நம்புது. இங்க மேசை நகருது. அவ்வளவுதான் விஷயம்."

ஷர்வின் அதைத் தன் கைப்பேசியில் தட்டிக்கொண்டான். கல்லாவிலிருந்து பதுருன்னிசா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பவித்ரன் கிளம்பும்போது, "ரொம்பப் பேசிட்டியே தம்பி," என்றார். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

வீட்டுக்குப் போய்க் கலாதேவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

"சொன்னாத்தான அவனுக்குப் புரியும்? புரிஞ்சாத்தான நம்மள சேத்துக்கச் சொல்லுவான்?"

"அவனுக்குப் புரிஞ்சிருச்சு. உங்களுக்குத்தான் இன்னும் புரியல," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அவன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தான்.

மூன்று வாரம் ஊதாவிடமிருந்து சத்தமே இல்லை. லியாகத் அலி கடையில் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுச் சட்டைக்கே திரும்பியிருந்தார்கள். பவித்ரன் ஷர்வினுக்கு நலமா என்று ஒரு செய்தி அனுப்பினான். நலம், பேசிக்கொண்டிருக்கிறேன் அண்ணே என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை அவன் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தான் என்பது அவனுக்கே வெட்கமான விஷயம்.

பிறகு ஒரு காலை அந்தப் பக்கமாகப் போனபோது கடையில் பாதிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளிருந்து காதைத் துளைக்கும் சத்தம் வந்தது. பவித்ரன் குனிந்து உள்ளே போனான். பழைய மேசைகள் ஒன்றுகூட இல்லை. புத்தம் புதிய மேசைகள், இரும்புக் கால், ஓரத்தில் ஊதாப் பட்டை, நடுவில் அழியாதபடி பதித்த கியூஆர். ஊதாச் சட்டை போட்ட இரண்டு பேர் மண்டியிட்டு, ஒவ்வொரு காலையும் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டுத் தூசி மூக்கில் ஏறியது.

அவனுக்கு ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. மென்பொருளை ஒரு எழுத்துகூட அவர்கள் மாற்றவில்லை. மேசை நகர்வதுதான் பிரச்சினை என்றால் மேசையை நகராமல் செய்துவிட்டால் போயிற்று.

லியாகத் அலி தூசிக்குள்ளிருந்து வந்தார். தொப்பியைக் கழற்றித் தட்டினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"எனக்கு வேற வழி இல்ல தம்பி. வரிசையில எங்கயோ அடியில போயிட்டேன். தாமான் குடியிருப்புப் பக்கம் இருக்கிற வீடுகளுக்கு இப்படி ஒரு கடை இருக்குறதே தெரியல. மேசை ஃப்ரீ, வேல ஃப்ரீ, ஒரு வருஷம் வரிசையில மேல வைக்கிறேன்னு சொல்றானுங்க. எல்லாக் கடையும் அங்க இருக்கும்போது நான் மட்டும் எப்படி?"

"நடைபாதையில போடுற மேசை?"

"அது இல்ல இனிமே. உள்ள மட்டும்தான்."

பவித்ரன் பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்து ஒரு தடவை அசைத்துப் பார்த்தான். "யாருண்ணே சொன்னா இந்த ஐடியா?" என்று கேட்டான், பதில் தெரிந்தே. லியாகத் அலி அவன் தோளைத் தொட்டார்.

அன்று மத்தியானம் ஷர்வினின் குரல் செய்தி வந்தது. சந்தோஷமாகப் பேசியிருந்தான். "அண்ணே, நீங்க மட்டும் சொல்லலன்னா நாங்க இன்னும் சாஃப்ட்வேரயே நோண்டிக்கிட்டு இருந்திருப்போம். மேசைதான் பிரச்சினைன்னு ஒரே வரியில சொல்லிட்டீங்க. பேராக் முழுக்க இதத்தான் செய்யப்போறோம். உங்கள பங்காளியா சேக்குறது பத்தி மேல கேட்டேன்ணே. இப்பத் தேவையில்லன்னுட்டாங்க. சாரிண்ணே. வேற ஏதாவது ஹெல்ப்னா கண்டிப்பா சொல்லுங்க."

பவித்ரன் அதை முழுசாகக் கேட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எதிரி வந்து பறித்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். பவித்ரனோ தே வாங்கிக் கொடுத்து, எழுந்து நின்று, மேசையை இழுத்து இழுத்து நடித்துக் காட்டி, தன் பிழைப்பைத் தானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தான்.

லியாகத் அலி போனதும் மற்றவர்களும் போனார்கள். கடைசியாக பத்து காஜாவில் ஒரு கடை மட்டும் நின்றது, அதுவும் முதலாளி கைமாறியதும் போய்விட்டது. பவித்ரன் சட்டை ஓடிய சர்வரை நிறுத்தினான். கலாதேவி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. ஜெலாப்பாங்கில் பழைய வேலை காலியாக இல்லை, அவன் வயதுக்குப் புதிய வேலையும் இல்லை. கடைசியில் அவனே ஷர்வினைக் கூப்பிட்டான். அந்தப் பையன் சொன்ன சொல் தவறவில்லை, ஒரே வாரத்தில் வேலை வாங்கிக் கொடுத்தான்.

அப்படித்தான் பவித்ரனுக்கு ஊதாச் சட்டை வந்தது. பேராக் வட்டாரத்தில் புதிதாகச் சேரும் கடைகளுக்குப் போய் டேப்லெட்டை மாட்டி, மேசைகளைத் தரையோடு முறுக்கிக் கொடுக்கும் வேலை. கார் பின்பெட்டியில் துளை போடும் மிஷினும் ஒரு டப்பா போல்ட்டும் எப்போதும் இருக்கும். காலையில் கலாதேவி அந்தச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

ஒரு தடவை கோலா கங்சார் பக்கம் அனுப்பினார்கள். போய் இறங்கிய பிறகுதான் இடம் தெரிந்தது. அவன் பிறந்த தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள் நின்றன, முகப்பில் ஒரு சாப்பாட்டுக் கடை. அவன் தரையில் மண்டியிட்டு முறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இவனுங்க கமிஷன் ரொம்ப ஏத்துறானுங்கலா தம்பி. வேற கம்பெனி எதுவும் இல்லையா?"

"இல்லண்ணே," என்றான் பவித்ரன். இன்னொரு போல்ட்டை முறுக்கிவிட்டு, "ஒண்ணு இருந்துச்சு," என்றான். கடைக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை.

லியாகத் அலி கடைப் பக்கம் அவன் போவதையே விட்டிருந்தான். ஆனால் சொன்ன ஒரு வருஷம் முடிந்ததும், அந்தக் கடையில் டேப்லெட் பழுது என்று வேலை வந்துவிட்டது. தட்டிக்கழிக்க முடியவில்லை. வெயில் தாழ்கிற நேரத்தில் போனான். நடைபாதை வெறிச்சென்று கிடந்தது, இரண்டு மோட்டார் சைக்கிள்களை அங்கே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர், ஒவ்வொரு மேசையிலும் ஒருத்தரோ இருவரோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் வந்தது, ஏழு பேர். அப்பாக்காரர் பழக்கத்தில் பக்கத்து மேசையைப் பிடித்து இழுத்தார். முக்கி மறுபடி இழுத்தார்.

"அது நகராதுங்க," என்றான் பவித்ரன்.

அவர் அவன் சட்டையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிள்ளைகளை ஒரு மேசையிலும் பெரியவர்களை இன்னொரு மேசையிலுமாகப் பிரித்து உட்கார வைத்தார்.

லியாகத் அலி மெலிந்திருந்தார். டேப்லெட்டைக் கழற்றி மாட்டும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வருஷம் முடிஞ்சதும் வரிசையில திரும்ப எறக்கிட்டானுங்க தம்பி. மேல வரணும்னா இன்னும் கூடக் கொடுக்கணுமாம். எங்க போயி கேக்குறது? ஃபோன் பண்ணா மிஷின் பேசுது." அவன் முகத்தையே பார்த்தார். "உன் சட்டை இன்னும் இருக்கா? திரும்பப் போட முடியுமா? நான் பேசுனா நாலு பேரு வருவாங்க."

இந்த வார்த்தைக்காக பவித்ரன் எத்தனை நாள் காத்திருந்தான். இன்றைக்கு அது வந்து நிற்கிறது, வாங்கிக்கொள்ள அவனிடம் கை இல்லை.

"சர்வர நிறுத்திட்டேண்ணே. கடையும் அதுக்கு ஏத்தாப்புல இல்ல. மேசை நகர்ற கடைக்குத்தான் அத எழுதுனேன்," என்றான்.

அவர் தலையாட்டிவிட்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டார். பவித்ரன் சாமான்களைப் பெட்டியில் போட்டான். போய்விடலாம் என்று நினைத்தவன், பழைய மூலையில் இருந்த மேசையில் உட்கார்ந்தான். கல்லாவிலிருந்து பதுருன்னிசா பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. பல வருஷத்துப் பழக்கம் எங்கே போகும், வாயிலிருந்து தானாக வந்தது.

"ஊதாச் சட்டைக்கு ஒரு தே! கொராங் மானிஸ்!"

சீனி கம்மியாகத்தான் அவன் குடிப்பான் என்பது இன்னும் அவருக்கு நினைவிருந்தது. ஆனால் கடையில் யாரும் அசையவில்லை. தே கலக்குகிறவர் புதியவர், தன் முன்னால் இருந்த திரையைப் பார்த்தார். திரையில் எதுவும் வரவில்லை, அதனால் அவர் கையும் நகரவில்லை. பதுருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஸைஃபுல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தான். பவித்ரன் முகத்தைப் பார்க்காமல், மேசையைத் துடைக்கிற சாக்கில் அந்தக் கியூஆர் சதுரத்தை விரலால் தட்டினான்.

"ஸ்கேன் பண்ணுங்கண்ணே," என்றான் மெதுவாக. "பண்ணாட்டி வராது."

பவித்ரன் கைப்பேசியை எடுத்தான். திரை அவனிடம் மேசை நம்பரைக் காட்டி, சரியா என்று கேட்டது. சரி என்று தொட்டுவிட்டு, தே வருவதற்காகக் காத்திருந்தான்.